கம்பி போட்ட பல்லின் வேருக்கு என்ன ஆகிறது?

கம்பி போட வருகிறவர்களும் அவர்களைக் கூட்டி வரும் அம்மாக்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். வலிக்குமா, எத்தனை மாதம் ஆகும், நல்ல பல்லைப் பிடுங்க வேண்டுமா, என்ன சாப்பிடக் கூடாது, செலவு எவ்வளவு, தவணையில் கட்டலாமா. வேருக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்படிக் கேட்பவர்களும் யூடியூபில் எதையோ பார்த்துப் பயந்து வந்தவர்களாக இருப்பார்கள்.

இந்தச் சிகிச்சையில் எனாமலில் வெள்ளைத் திட்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஈறு வீங்கினால் பல் துலக்கும்போது ரத்தம் வரும். வேர் கரைந்தால் ஒன்றுமே தெரியாது. வலிக்காது, கூசாது. ரொம்ப முற்றிப் போகும்வரை பல் ஆடவும் செய்யாது. எக்ஸ்ரே எடுத்தால் மட்டுமே தெரியும். அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

முதலில் பல் எப்படி நகர்கிறது என்று பார்த்துவிடலாம். பல்லும் தாடை எலும்பும் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் அகலத்தில், நார்களும் ரத்தக் குழாய்களும் நிறைந்த ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் இந்தப் படலம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. உடல் இதை ஒரு காயமாக எடுத்துக்கொள்கிறது. புரோஸ்டாகிளாண்டின், இன்டர்லூக்கின் போன்ற பொருட்கள் சுரக்கின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. எலும்பு கரைந்த இடத்துக்குப் பல் நகர்கிறது. அது விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு உருவாகிறது. மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. கம்பிச் சிகிச்சை என்பது அடிப்படையில் இவ்வளவுதான். கிருமி எதுவும் இல்லாமல், நாங்களே வேண்டுமென்று உண்டாக்குகிற ஓர் அழற்சி. அந்த அழற்சி இல்லையென்றால் பல் நகராது.

கம்பி மாற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் இருக்கும் வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுப்பவை. எப்போதோ ஒரு மாத்திரை போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மூட்டு வலிக்கென்று தினமும் அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பல் நகர்வது மந்தமாகலாம். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாராவாரம் போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையையும், வருடத்துக்கு ஒருமுறை போடும் ஜோலெட்ரானிக் ஊசியையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எலும்பு கரைவதைத் தடுப்பதுதான் அவற்றின் வேலையே.

சரி, வேர் இதில் எங்கே மாட்டிக்கொள்கிறது? அழுத்தம் அதிகமாகி, நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் நின்றே போனால் அங்குள்ள திசு செத்துவிடும். ஸ்வீடனின் கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களை நகர்த்திப் பார்த்து 1904, 1905-லேயே இதை எழுதியிருக்கிறார். செத்த திசுவை அப்புறப்படுத்த உடல் வேறு செல்களை அனுப்புகிறது. இவை துப்புரவு செய்யும்போது பக்கத்தில் இருக்கும் வேரின் மேலுறையையும் சேர்த்துச் சுரண்டிவிடுகின்றன. அந்த மேலுறைக்கு சிமெண்டம் என்று பெயர். சாதாரணமாக அதன் வெளி ஓரத்தில் சுண்ணமேறாத ஒரு மெல்லிய அடுக்கு காவலுக்கு இருக்கும். எலும்பு கரையும் வேகத்தில் வேர் கரையாமல் தப்பிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்தக் காவல் போய்விட்டால் வேரில் சின்னச் சின்னக் குழிகள் விழும்.

அழுத்தம் நின்றதும் அந்தக் குழிகளில் புது சிமெண்டம் படியும். வேரின் பக்கவாட்டில் விழுந்த குழிகள் பெரும்பாலும் இப்படி ஆறிவிடும். நுனியில்தான் சிக்கல். அங்கே எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் கரைந்து நுனியே கழன்றுபோனால் காயம் ஆறும், போன நீளம் மட்டும் திரும்பி வராது.

இது ஏதோ இப்போது கண்டுபிடித்த ஆபத்தும் அல்ல. 1914-ல் ஒட்டலெங்கி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வேர் கரைவதையும் கம்பிச் சிகிச்சையையும் இணைத்து எழுதினார். 1927-ல் டென்வர் நகரத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கெட்சம் எக்ஸ்ரே ஆதாரங்களோடு அதை வெளியிட்டபோது அந்தக் காலத்து மருத்துவர்களிடையே பெரிய சலசலப்பு. நூறு வருடமாகத் தெரிந்த விஷயத்தை நோயாளியிடம் ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்ல எங்களில் பலருக்கு நேரம் இருப்பதில்லை. ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியாக இருக்கும், கையெழுத்து வாங்கிவிடுவோம். அது சரியில்லை என்பது என் கருத்து.

இதைப் படித்துவிட்டுக் கம்பியைக் கழற்றச் சொல்லி ஓடி வந்துவிடாதீர்கள். கம்பி போட்ட பெரும்பாலானவர்களுக்கு முன்பற்களின் வேர் நுனியில் 1 மி.மீ. அல்லது அதை ஒட்டிய அளவு குறையும். வாழ்நாள் முழுக்க அதனால் ஒன்றும் ஆகாது. வேரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும் கடுமையான பாதிப்பு, நூற்றில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு வரலாம். என் கவலையெல்லாம் அந்தச் சிலரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான்.

முதலில் எந்தப் பல் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மேல் முன்பற்கள் நான்கும்தான். அதிலும் நடுப் பற்களுக்கு இரு பக்கமும் இருக்கும் சின்னப் பற்கள். அவற்றின் வேர் ஒல்லி. நுனி வளைந்தோ, சொட்டு மருந்துக் குழாயின் முனைபோல் சட்டென்று மெலிந்தோ இருப்பது சகஜம். அந்த மாதிரி வேர்கள் சீக்கிரம் கரைகின்றன. அடுத்தது என்ன மாதிரி நகர்வு என்பது. பல்லை மேலே எலும்புக்குள் அழுத்துவது, வேரை மட்டும் உள்பக்கமாகத் திருப்புவது, பல் எடுத்த இடைவெளியை மூடுவதற்காக எத்துப்பல்லை வெகுதூரம் பின்னால் இழுப்பது ஆகிய மூன்றிலும் வேர் நுனி நிறைய அடி வாங்குகிறது. பல்லை எலும்புக்குள் அழுத்த ஒரு பல்லுக்கு 10 முதல் 20 கிராம் விசையே போதும். அதற்கு மேல் கொடுத்தால் பல் வேகமாகப் போகாது, திசுதான் சாகும். சிகிச்சை நீள நீள ஆபத்தும் ஏறும்.

அப்புறம் சில கேள்விகளை நான் எல்லோரிடமும் கேட்பேன். சின்ன வயதில் முகம் அடிபட விழுந்தீர்களா? கிரிக்கெட் பந்து, பைக் விபத்து, பள்ளிக்கூடப் படிக்கட்டு, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அடிபட்ட பல்லில் ஏற்கெனவே வேர் கரையத் தொடங்கியிருந்தால் கம்பி அதை இன்னும் தூண்டிவிடும். நகம் கடிக்கிற பழக்கம் உண்டா? விழுங்கும்போது நாக்கு முன்பல்லைத் தள்ளுகிறதா? முன்பே ஒருமுறை கிளிப் போட்டுக் கழற்றியிருக்கிறீர்களா? அக்காவுக்கோ அண்ணனுக்கோ கம்பி போட்டபோது வேர் கரைந்ததாக யாராவது சொன்னார்களா? கரையும் தன்மை குடும்பத்தில் வருவதுண்டு. ரூட் கனால் செய்த பல்லை நகர்த்தலாமா என்று பலர் பயந்துகொண்டே கேட்பார்கள். வைத்தியம் சரியாக முடிந்திருந்தால் தாராளமாக நகர்த்தலாம். அந்தப் பற்கள் மற்றவற்றைவிட அதிகமாகக் கரைவதில்லை.

இதெல்லாம் கேட்டும் யாருக்குக் கரையும் என்று முதல் நாளே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியும். ஸ்வீடனின் லெவாண்டர், மால்ம்கிரென் இருவரும் 1988-ல் காட்டியது இது: சிகிச்சை தொடங்கி 6 முதல் 9 மாதத்தில் எடுக்கும் படத்தில் வேர் நுனி ஒழுங்காக இருந்தால், கடைசியில் கடுமையாகக் கரைந்திருக்க வாய்ப்புக் குறைவு. அந்தப் படத்திலேயே நுனி மழுங்கியிருந்தால் உஷாராக வேண்டும். என்னைக் கேட்டால் கம்பிச் சிகிச்சையின் மொத்தக் காலத்திலும் முக்கியமான எக்ஸ்ரே இதுதான். அதிகம் விட்டுப்போவதும் இதுதான். ஆரம்பத்தில் எல்லாப் படமும் எடுப்பார்கள், முடிவில் அழகைக் காட்ட போட்டோ எடுப்பார்கள். நடுவில் எடுக்க வேண்டியது மறந்துபோகும்.

தாடை முழுவதையும் சுற்றி வந்து எடுக்கும் ஓபிஜி இதற்குப் போதாது. முன்பல் பகுதியில் கழுத்தெலும்பின் நிழல் விழுந்து அந்தப் படம் மங்கும். வாய்க்குள்ளே, பல்லுக்குப் பின்னால் சின்ன சென்சார் வைத்து எடுக்கும் ஆர்விஜி வேண்டும். மேல் முன்பற்களுக்கு ஒன்றிரண்டு படம், அவ்வளவுதான். கதிர்வீச்சுக்குப் பயந்து மறுக்கிறவர்களுக்கு நான் சொல்வது: அதில் ஒரு படத்துக்கு வரும் அளவு, சும்மா வீட்டில் இருந்தாலே இயற்கையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் அளவுதான். முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. எலும்புக்குள் சிக்கிய கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை இடித்துக் கரைக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் எடுக்கலாம். அந்த மாதிரி கேஸ்களில் கம்பி போட்டுக் கோரைப்பல்லை நகர்த்துவதுதான் வேரைக் காப்பாற்றும் வழி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி, அவசரம். நம் ஊரில் வேர்களுக்குப் பெரிய எதிரி கல்யாண முகூர்த்தம் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு வருவார்கள். "டாக்டர், கொஞ்சம் டைட்டா வெச்சு சீக்கிரம் முடிச்சிடுங்களேன்" என்பார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு மேல் தாடையில் இரண்டு பல் எடுத்து எத்துப்பல்லை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. வழக்கப்படி எடுத்த ஆர்விஜியில் இரண்டு பக்கச் சின்னப் பற்களின் வேர் நுனியும் தெளிவாகக் குட்டையாகியிருந்தன. மூன்று மாதம் விசை எதுவும் கொடுக்காத கம்பியை மட்டும் மாட்டிவிட்டு நிறுத்தி வைத்தோம். லெவாண்டர் குழுவினர் 1994-ல் சோதித்துக் காட்டிய முறை அது. கரையத் தொடங்கிய பல்லுக்கு இரண்டு மூன்று மாதம் ஓய்வு கொடுத்துவிட்டுத் தொடர்ந்தால், ஓய்வில்லாமல் நகர்த்திய பல்லைவிட இழப்பு குறைகிறது.

ஓய்வு என்றதும் அந்தப் பெண்ணின் அம்மாவுக்குக் கோபம். "சும்மா வெச்சிருக்கறதுக்கா மாசாமாசம் வந்து போறோம்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே திரையில் வைத்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் பேச்சு மாறியது. "கல்யாணத்தன்னிக்கு மட்டும் கம்பி தெரியாம இருந்தா போதும்" என்றார். அது முடிகிற காரியம். முகூர்த்தத்துக்கு முன் மேல் முன்பற்களில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொடுத்து, மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த பிறகு திரும்ப ஒட்டினோம். கடைசியில் எத்துப்பல் முழுக்க உள்ளே வரவில்லை, கொஞ்சம் முன்னால் விட்டே முடித்தோம். நேர் செய்வதைவிட வேர் முக்கியம் என்ற முடிவை அந்தப் பெண்தான் எடுத்தாள்.

அவசரம் ஒரு பக்கம் என்றால், அலட்சியம் இன்னொரு பக்கம். மேலும் கீழும் கொக்கியில் மாட்டும் ரப்பரைப் பத்து நாள் போடாமல் இருந்துவிட்டு, அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் போட்டுக்கொண்டு வருவார்கள். பல் முன்னும் பின்னும் ஆட்டிவைக்கப்படுகிறது. ஒரே திசையில் மெல்லத் தொடரும் விசையைவிட இது மோசம். சிகிச்சையும் நீளும். கம்பிக்குப் பதிலாக, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டான அலைனர் போடுகிறவர்களும் இதில் சேர்த்தி. தட்டைக் கழற்ற முடிகிறது என்பதாலேயே கழற்றி வைக்கிறார்கள். அலைனரில் வேர் கரையவே கரையாது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். சில நிலைகளில் குறைவாக இருக்கலாம், இல்லாமல் போவதில்லை.

இதையெல்லாம்விட என்னை அதிரவைப்பது, முன்பல் சந்தை மூட ஆன்லைனில் ரப்பர் வளையம் வாங்கித் தாங்களே மாட்டிக்கொள்வது. வீடியோவில் பத்து நாளில் சந்து மூடுவது உண்மைதான். அதற்குப் பிறகு நடப்பதை வீடியோ காட்டாது. முன்பல்லின் வேர் மேலே போகப் போக ஒடுங்கும். ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறும், அங்கிருந்து வேர் நுனியை நோக்கி ஏறிக்கொண்டே போகும். போகும் வழியில் பல்லைப் பிடித்திருக்கும் நார்களும் எலும்பும் அழியும். ரப்பர் தொலைந்துவிட்டது என்று நினைத்து இன்னொன்றை மாட்டுவார்கள். எக்ஸ்ரேயில் ரப்பர் பொதுவாகத் தெரியாது. ஈறில் சீழ் வைத்து, இரண்டு முன்பற்களும் நீண்டு ஆடத் தொடங்கும்போதுதான் வருவார்கள். இப்படி இரண்டு நல்ல பற்களையும் இழந்தவர்கள் உண்டு. வீட்டில் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்கு முன்பல்லில் சந்து இருந்தால் அது பெரும்பாலும் இயல்பு. 11, 12 வயதில் கோரைப்பற்கள் முளைத்து வரும்போது பலருக்குத் தானே மூடிக்கொள்ளும்.

இனி ஈறு. இது முற்றிலும் வேறு அழற்சி, கிருமியால் வருவது. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு சேர்கிறது, ஈறு சிவந்து வீங்குகிறது, ரத்தம் வருகிறது. ரத்தம் வந்ததும் அந்த இடத்தில் துலக்குவதை நிறுத்திவிடுவது நம் பழக்கம். நிறுத்தவே கூடாது. மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்து இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும். கம்பிக்கும் பல்லுக்கும் இடையே நுழையும் குட்டிப் பிரஷ் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. தினமும் ஒழுங்காகச் சுத்தம் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கும். அதே அழுக்கு, பிராக்கெட்டைச் சுற்றி எனாமலில் வெள்ளைத் திட்டை நாலு வாரத்துக்குள்ளேயே உண்டாக்கிவிடும்.

வளரும் பிள்ளைகளுக்கு ஈறு வீங்கினால் பெரும்பாலும் சுத்தம் செய்ததும் அடங்கிவிடும். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் கம்பி போட வருகிறவர்களிடம்தான் நான் கறாராக இருப்பேன். ஏற்கெனவே எலும்பைத் தின்னும் ஈறு நோய் இருந்து, அதை அடக்காமல் பல்லை நகர்த்தினால் இரண்டு அழற்சியும் சேர்ந்துகொள்ளும்; எலும்பு மளமளவென்று இறங்கும். முதலில் ஈறு வைத்தியம், அது அடங்கியதை உறுதி செய்த பிறகுதான் கம்பி. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். காரை பிடித்து எலும்பு இறங்கிய பல், காரை எடுத்ததும் தன் உண்மையான ஆட்டத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு முதலில் சர்க்கரை. ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடித்து வளரலாம். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேட்போம்.

வேர் நுனியில் போனது மோசமா, பல்லின் கழுத்தில், அதாவது ஈறை ஒட்டிய இடத்தில், எலும்பு போனது மோசமா என்று கேட்டால், மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டர் கழுத்தில் போனதுதான் மோசம். முள்ளங்கியின் நுனியைக் கிள்ளினாலும் மண்ணில் பிடிப்பு இருக்கும். பருத்த பக்கத்தில் மண் அரித்துவிட்டால் ஆட்டம் கண்டுவிடும். நுனியில் 3 மி.மீ. வேர் போவதும் கழுத்தில் 1 மி.மீ. எலும்பு போவதும் பல்லின் பிடிமானத்துக்கு ஏறக்குறைய ஒரே இழப்பு. வேர் குட்டையானவர்கள் ஈறைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

ஏற்கெனவே கம்பி போட்டு முடித்து, வேர் கரைந்திருக்கிறது என்று வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்து பதறுகிறவர்களும் வருகிறார்கள். கம்பியின் விசை நின்றதும் இந்தக் கரைதலும் நின்றுவிடும். பல்லின் உயிர் போகாது, ரூட் கனால் தேவையில்லை. வேர் 9 மி.மீ.-க்கு மேல் மிச்சமிருந்து ஈறும் நன்றாக இருந்தால் பல் பொதுவாக ஆடுவதில்லை. பல ஆண்டுகள் உழைக்கும். கம்பியைக் கழற்றிய பிறகும் ஒரு பல்லில் மட்டும் கரைவது தொடர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும்: பக்கத்துப் பல் இடிக்கிறதா, கடிக்கும்போது அந்தப் பல்லில் மட்டும் அடி விழுகிறதா, பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க உள்பக்கம் ஒட்டிய ரிடெய்னர் கம்பி வளைந்துபோய் பல்லைத் தள்ளுகிறதா. கடைசியாகச் சொன்னதை யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் அங்கிருந்துதான் தேடத் தொடங்குவேன்.

பள்ளி முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போகிறவர்கள், வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் பாதியில் மருத்துவரை மாற்ற வேண்டி வரும். போகும்போது சிகிச்சைக்கு முன் எடுத்த ஓபிஜி, ஆர்விஜி படங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புவது போதாது. அசல் கோப்பையே பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். உங்கள் வேர் முதலில் எவ்வளவு நீளம் இருந்தது என்று தெரியாவிட்டால், எவ்வளவு போயிருக்கிறது என்று அடுத்த மருத்துவரால் சொல்ல முடியாது. கம்பி போட்டு ஒன்பது மாதம் தாண்டியும் முன்பல்லுக்குப் படம் எடுக்கவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.